கிராங்கின் முதுகில் இரண்டு எழுத்து: பழைய ரோடு சைக்கிளுக்கு வயது பார்ப்பது எப்படி?

"எழுபதுகளில் இத்தாலியில் செய்த வண்டி" என்று சொல்லித்தான் அந்த வியாபாரி விற்றார். கிழக்கு லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. என் முன்னால் நின்றதோ, யாரோ வீட்டுப் பிரஷ்ஷால் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்த ஒரு பிரேம். பெயர் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஹேண்டில்பார் டேப் பிய்ந்து தொங்கியது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. எதை மாற்றப் போனாலும் கடையில் முதலில் கேட்ட கேள்வி, "எந்த வருஷத்து வண்டி?" டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரோடு சைக்கிள்களில் 27 இன்ச், 700சி என்று இரண்டு அளவு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் முதலாவதில் 630 மில்லிமீட்டர், இரண்டாவதில் 622. அந்த 8 மில்லிமீட்டர் போதும்: ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது, அல்லது ஏறி, காற்றடித்ததும் நழுவி வெளியே வந்துவிடும். அதனால் வயது பார்ப்பது என்பது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. பழைய வண்டியை ஓட்ட நினைக்கிற எல்லாருக்கும் அது தேவைப்படுகிறது.

வயது பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சைக்கிளில் பெரிதாகப் பெயர் எழுதியிருக்கும் கம்பெனி பெரும்பாலும் பிரேமை மட்டுமே செய்திருக்கும். கிராங்க், பிரேக், கியர் மாற்றும் டீரெய்லர், சக்கரத்தின் நடுவே உள்ள ஹப், ரிம், ஹேண்டில்பார் எல்லாம் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பட்டறைகளில் செய்து வாங்கிப் பூட்டியவை. ஆக ஒரு வண்டிக்கு ஒரே பிறந்தநாள் கிடையாது. பத்துப் பதினைந்து பிறந்தநாள்கள் இருக்கும். அவற்றில் எத்தனை ஒரே காலத்தைக் காட்டுகின்றன, எது மட்டும் தனியாக விலகி நிற்கிறது என்று பார்ப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்துத் தெருவில் சைக்கிள் திருத்தும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முன்னுக்கு எழுதியிருக்கிறது விளம்பரம். பின்னுக்குத்தான் விஷயம் கிடக்கு."

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ். இவ்வளவுதான் கருவிகள். பெடல் மாட்டியிருக்கும் கிராங்கின் உள்பக்கம், அதாவது பிரேமைப் பார்த்திருக்கும் முகம், நாற்பது வருட கிரீஸும் தூசியும் சேர்ந்து அல்வா மாதிரி கெட்டியாகியிருந்தது. அதைத் தேய்த்து எடுத்தபின் மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும் பள்ளங்கள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். அப்படியும் தெரியாவிட்டால், சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே இங்கும் செய்யலாம். எனக்குத் தாளில் விழுந்தவை இரண்டு எழுத்துகள்: எஃப், கே.

கிராங்கின் முன்முகத்தில் 'ஷிமானோ 600' என்று இருந்தது. ஷிமானோ ஜப்பான் நிறுவனம். பழைய பாகங்களுக்கு வயது பார்க்கப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஏனென்றால் அதன் குறியீடு அத்தனை நேரானது. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாம் எழுத்து மாதம். ஆங்கில அகரவரிசையின் ஏ என்றால் 1976, பி என்றால் 1977. அப்படியே விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனால் எஃப் 1981, கே 1986, இசட் 2001. மாதமும் அதே கணக்குதான்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக என் கிராங்க் 1981 நவம்பரில் செய்தது. 2002இல் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கினார்கள் என்பதால் ஒரே எழுத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரலாம். ஆனால் 1981ஆம் ஆண்டுப் பாகத்தையும் 2007ஆம் ஆண்டுப் பாகத்தையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். என் கிராங்கின் மேல் கொடியும் இலையுமாக ஒரு வேலைப்பாடு ஓடியது. 'அரபெஸ்க்' என்று ரசிகர்கள் அழைக்கும் அந்த அலங்காரம் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த 600 வரிசையின் அடையாளம். அதற்குப் பிறகு அந்த அழகை ஷிமானோ ஏன் கைவிட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இதே இரண்டு எழுத்துகளைப் பிரேக் கைகளின் பின்பக்கத்திலும், டீரெய்லரின் உள்பக்கத்திலும் தேடலாம். என் பிரேக்குகளில் எஃப், எல்: 1981 டிசம்பர். இரண்டு பாகங்கள், ஒரு மாத இடைவெளி. நம்பிக்கை வரத் தொடங்கியது.

ஒரு எச்சரிக்கை. சன்டூர் என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்தின் பாகங்களிலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஆனால் அவர்களின் எழுத்துக் கணக்கு தொடங்கும் ஆண்டு வேறு. ஷிமானோ அட்டவணையை அதில் பொருத்தினால் தப்பான வருடம்தான் வரும். பெயரைப் பார்த்த பிறகே எழுத்தை எண்ணுங்கள்.

இத்தாலிப் பாகங்கள் என்றால் கதை இன்னும் சுவையானது. டுல்லியோ கம்பனோலோ என்ற பந்தய வீரர் 1933இல் விச்சென்சாவில் தொடங்கிய நிறுவனம், நல்ல ரோடு சைக்கிள் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிற பெயர். அவர்களிடம் எல்லாப் பாகத்துக்கும் பொதுவான ஒரே குறியீடு கிடையாது. ஹப்பின் அச்சில் இறுக்கும் லாக்நட்டில் 'கேம்' என்று பொறித்துப் பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் ஆண்டைப் போட்டிருப்பார்கள். 'கேம் 72' என்றால் 1972. எழுபதுகளின் பிற்பகுதி வரை இந்த வழக்கம் இருந்தது. கிராங்கின் பின்பக்கத்தில் 1973 முதல் ஒரு சின்ன வைர வடிவக் கட்டம், அதற்குள் ஆண்டின் கடைசி இலக்கம். எண்பதுகள் வந்ததும் வைரம் வட்டமானது. பின் டீரெய்லரின் மேல் 'பேட். 74' மாதிரி ஒரு குறி இருக்கும் ('பேட்.' என்பது பேட்டன்ட், அதாவது காப்புரிமை). நுவோவோ ரெக்கார்டு வகையில் அந்த எண்ணை ஆண்டுக்கு ஆண்டு மாற்றி வந்ததால் அது கிட்டத்தட்ட பிறந்த ஆண்டாகவே பயன்படுகிறது. அந்த நுவோவோ ரெக்கார்டே 1967இல் வந்தது. அதற்கு முந்திய ரெக்கார்டு குரோம் பூசிய கனமான உலோகம், இது அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடமும் இந்தப் பாகங்களில்தான். 'பிரெவ். கம்பனோலோ' என்று பொறித்திருப்பதைப் பார்த்து, 'பிரெவ்' என்ற மாடல் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படி நினைத்துத் தேடியவன்தான். அது காப்புரிமை பெற்றது என்பதற்கான இத்தாலியச் சொல்லின் சுருக்கம், அவ்வளவே. பிரெஞ்சுப் பாகங்களில் இதே வேலையைச் செய்வது 'எஸ்.ஜி.டி.ஜி.' என்ற நான்கு எழுத்து. 'அரசின் உத்தரவாதம் இல்லாத காப்புரிமை' என்று பொருள்; எங்கள் காப்புரிமைதான், ஆனால் இது வேலை செய்யுமா என்று அரசைக் கேட்காதீர்கள் என்பது மாதிரி. அந்த வாசகத்தைப் பிரான்ஸ் 1968இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே அது இருந்தால் பாகத்தின் வடிவமைப்பாவது அதற்கு முந்தியது. 'மேற்கு ஜெர்மனியில் செய்தது' என்று இருந்தால் 1990க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடே அதற்குப் பிறகு அந்தப் பெயரில் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்கும் ஸ்டெம்மில் சினெல்லி என்ற இத்தாலிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் சின்னத்தைப் பாருங்கள்: பழைய கேடயச் சின்னமா, சிறகு விரித்த 'சி' எழுத்தா? சிறகு, எழுபதுகளின் கடைசியில் நிறுவனம் கை மாறியபின் வந்தது.

எழுத்தே இல்லாவிட்டால்

எழுத்து தேய்ந்திருக்கலாம், அல்லது முதலிலிருந்தே இல்லாமல் இருக்கலாம். அப்போது கைகொடுப்பது சாதாரண ஸ்கேல்.

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு பிளவுகளின் உள்முகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்த காலம்: அறுபதுகள், எழுபதுகள். 126 என்றால் ஆறு அல்லது ஏழு. எழுபதுகளின் இறுதியிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை. 130 என்றால் எட்டு வந்துவிட்டது; 1990ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஹப் அகன்றது, ஹப் அகன்றதால் பிரேமும் அகன்றது. மரத்தின் வளையத்தை எண்ணுவது போன்ற கணக்கு இது. ஸ்டீல் பிரேமைப் பலம் போட்டு விரித்து அகலப்படுத்தவும் முடியும் என்பதால் பெரிய எண்ணை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். என் வண்டி 126 காட்டியது.

அடுத்தது, பெடல்களின் அச்சு ஓடும் குழாய். பாட்டம் பிராக்கெட் என்பார்கள். எந்த ஊர் பிரேம் என்பதற்குத் துப்பு இங்கே இருக்கிறது. இந்தக் குழாயின் அகலம் இத்தாலிய முறையில் 70 மில்லிமீட்டர், ஆங்கில முறையிலும் பிரெஞ்சு முறையிலும் 68. ஆங்கில முறையில் வலப்பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கி, குழாய்க்குள் திருகியிருக்கும் மூடி) தலைகீழ் மரை; கழற்ற வேண்டுமானால் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். இத்தாலிய, பிரெஞ்சு முறைகளில் இரு பக்கமும் சாதாரண மரைதான். ஜப்பான்காரர்கள் ஆங்கில முறையை எடுத்துக்கொண்டார்கள். இது தெரியாமல் வலப்பக்கக் கப்பை வழக்கமான திசையில் திருகி, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கியவர்கள் ஏராளம். நான் கணக்கில் சேர்த்தி.

என் வண்டியில் 68 மில்லிமீட்டர்; தலைகீழ் மரை. 'இத்தாலி' என்பது அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது. சில இத்தாலியக் கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கில மரை வெட்டியதுண்டு. ஆனால் அப்படிச் செய்தது என்று நம்ப என்னிடம் வேறு எந்தச் சாட்சியும் இல்லை.

சீட்டைத் தாங்கும் குழாயையும் உருவிப் பாருங்கள். வெளியே தெரியாத பகுதியில் அதன் விட்டம் பெரும்பாலும் பொறித்திருக்கும். 27.2 மில்லிமீட்டர் என்றால் பிரேமின் குழாய் மெல்லிய சுவருள்ள நல்ல ரகம் என்று பொதுவாகச் சொல்லலாம். 26 சொச்சம் என்றால் சுவர் தடித்த, மலிவான ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். என்னுடையதில் 27.0 என்று இருந்தது. கூடவே அதைச் சுற்றி, குளிர்பான டின்னை வெட்டிச் சுருட்டிய தகடு! முந்தைய சொந்தக்காரர் சரியான அளவு கிடைக்காமல் இட்டு நிரப்பியிருக்கிறார். 27.2 குழாய் வாங்கிப் போட்டேன். ஊசி நூல் கோத்த மாதிரி இறங்கியது.

மற்ற சில அடையாளங்களைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பிரேக் கேபிள் லீவரின் தலையிலிருந்து எழும்பி, காற்றில் வளைந்து இறங்கினால் எண்பதுகளின் நடுப்பகுதி வரையிலான பாணி. டேப்புக்கு அடியில் ஒளிந்து ஓடினால் அதற்குப் பிந்தியது. கியர் லீவர்கள் பிரேமின் கீழ்க்குழாயில் இருக்கின்றனவா, பிரேக் லீவரோடு ஒட்டியிருக்கின்றனவா? இரண்டையும் ஒன்றாக்கிய லீவரை ஷிமானோ 1990இல் கொண்டுவந்தது, கம்பனோலோ 1992இல். கிராங்க் அச்சோடு சேரும் இடத்தில் கோட்டர் பின் (ஆப்பு மாதிரி இறங்கும் இரும்புப் பின்) அடித்திருந்தால் ஐரோப்பிய ரோடு சைக்கிள்களைப் பொறுத்தவரை எழுபதுகளைத் தாண்டாத, அதிலும் மலிவான வண்டி. இந்தக் கணக்கை நம் ஊர் வண்டியில் போட்டுப் பார்க்காதீர்கள். இங்கிலாந்துக் கூட்டோடு 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற தொழிற்சாலைகளிலிருந்து வந்த கறுப்பு ரோட்ஸ்டர்களில் கோட்டர் பின் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் இருந்தது. சைக்கிள் கடையில் சுத்தியலால் 'ணங்'கென்று அடித்துப் பின்னை இறக்கும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பிரேமில் உள்ள குழாய் ஸ்டிக்கரை ரொம்பவும் நம்ப வேண்டாம். 'ரெனால்ட்ஸ் 531' என்று பார்த்ததும் பலருக்குக் கண் விரியும். நல்ல குழாய்தான். ஆனால் 1935இலிருந்து பல பத்தாண்டுகள் ஓடிய பெயர் அது. வயது சொல்ல உதவாது. பழைய ஸ்டிக்கர்களைப் புதிதாக அச்சடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரேம் எண் அதைவிட மேல், அந்தக் கம்பெனியின் கணக்கு தெரிந்தால். உதாரணமாக இங்கிலாந்தின் ராலே கம்பெனி 1973க்குப் பிறகு எடுத்துக்கொண்ட முறையில் முதல் எழுத்து தொழிற்சாலை (என் என்றால் நாட்டிங்காம், டபிள்யூ என்றால் வொர்க்சாப்), இரண்டாம் எழுத்து ஆண்டின் எந்தப் பகுதி என்பது, அடுத்து வரும் இலக்கம் ஆண்டின் கடைசி எண். இலக்கம் 6 என்றால் 1976ஆ, 1986ஆ? அதைத் தீர்த்து வைக்க மறுபடி கிராங்கிடமும் பிரேக்கிடமும்தான் போக வேண்டும்.

கட்சி மாறிய டீரெய்லர்

என் வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, பொய் சொன்ன சாட்சி. பின் டீரெய்லரின் உள்பக்கத்தில் இருந்தவை எல், சி: 1987 மார்ச். முன்முகத்தில் எஸ்.ஐ.எஸ். என்ற மூன்று எழுத்து. கிராங்கும் பிரேக்கும் 1981 என்று சொல்ல, இது மட்டும் ஆறு வருடம் பிந்திப் பிறந்திருக்கிறது. அப்படியானால் வண்டி 1987ஆ?

இதற்கு அந்த மூன்று எழுத்தின் கதை தெரிய வேண்டும். முன்பெல்லாம் கியர் லீவர் வழுவழுவென்று நகரும். சரியான பல்சக்கரத்தில் செயினை நிறுத்துவது ஓட்டுகிறவரின் கைப்பக்குவம். சன்டூர் 1964இல் ஒரு சாய்வான அமைப்பைக் கண்டுபிடித்தது. டீரெய்லர் பக்கவாட்டில் நகரும்போதே பல்சக்கரங்களின் சரிவையொட்டிக் கீழும் இறங்கும் என்பதால் கியர் துல்லியமாக விழுந்தது. மற்றவர்கள் காப்புரிமை முடியக் காத்திருந்தார்கள். அது 1984இல் முடிந்தது. அதே 1984இல் ஷிமானோ தன் உயர்ந்த ரகமான டூரா-ஏஸில் எஸ்.ஐ.எஸ். முறையை இறக்கியது: லீவரைத் தள்ளினால் 'டக் டக்' என்று ஒவ்வொரு கியருக்கும் ஒரு நிறுத்தம். இதன்படி, எஸ்.ஐ.எஸ். என்று எழுதிய எந்தப் பாகமும் 1984க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது என் வண்டியின் கியர் லீவரைத் தள்ளிப் பார்த்தேன். டக்கும் இல்லை, டிக்கும் இல்லை; எண்ணெயில் ஓடுவது போல வழுக்கிக்கொண்டு போனது. டக்கென்று நிற்க வேண்டிய டீரெய்லரை, நிறுத்தமே இல்லாத லீவரோடு எந்தத் தொழிற்சாலையும் சேர்த்து விற்றிருக்காது. பழையது உடைந்திருக்கிறது, கடையில் அன்று கிடைத்ததை வாங்கிப் பூட்டி யாரோ வேலையை முடித்திருக்கிறார். ஆக அந்த டீரெய்லர் வண்டியின் பிறப்பைச் சொல்லவில்லை. வண்டி 1987இலும் ஓட்டத்தில் இருந்தது, யாரோ அதற்குச் செலவு செய்தார்கள் என்பதைச் சொல்கிறது.

பாகங்களின் தேதியை இப்படித்தான் படிக்க வேண்டும். ஒரு பாகத்தின் தேதி அது செய்யப்பட்ட காலம். அங்கிருந்து கப்பலேறி, பிரேம் கம்பெனியின் கிடங்கில் கிடந்து, வண்டியில் ஏறுவதற்குச் சில மாதம் ஆகும். ஒரே காலத்தைக் காட்டும் பாகங்களில் கடைசியாகப் பிறந்ததை எடுத்துக்கொண்டு, அதற்குச் சில மாதங்கள் கூட்டினால் வண்டி கடைக்கு வந்த காலம் கிடைக்கும். என் கணக்கில் அது 1982. ஜப்பான் பாகங்கள் பூட்டிய, ஆங்கில மரை கொண்ட பிரேம். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ செய்திருக்கலாம். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் கறுப்புப் பெயின்ட்டின் கீழ் ஓர் எண் புதைந்திருப்பது விரலுக்குத் தட்டுப்படுகிறது. பெயின்ட்டைச் சுரண்டினால் அதுவும் தெரிந்துவிடும். மழைக்காலம் வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போன மாதம் அதே சந்தைக்கு அந்த வண்டியிலேயே போயிருந்தேன். அதே மனிதர், வேறொரு வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஓர் இளைஞனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: எழுபதுகள், இத்தாலி. நான் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து கிராங்கின் முதுகைப் பார்த்தேன். பி, எச். 1977 ஆகஸ்ட். எழுபதுகள் என்றது இந்த முறை சரி. இத்தாலியைப் பற்றிக் கேட்கத்தான் கையில் ஸ்கேல் இல்லாமல் போய்விட்டது.